குடத்து வாயில் கட்டிய பட்டு

டாக்டர்கள் குவார்ட்டர்ஸ், சென்னை
12.6.2001

அண்ணா,

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும். அந்த நாலு வரி இதுதான். உன் பிள்ளை அச்சுத்துக்கு மறுபடி வயிற்றுப்போக்கு வந்தால் குடிக்கக் கொடுப்பதை நிறுத்தாதே. கலக்கிக் கொடுக்கிற உப்புப் பொட்டலம் மன்னியிடம் கொடுத்திருக்கிறேன். அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, கஷாயம் கிஷாயம் என்று உட்காராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

இனி கிழித்துக்கொள். கிழிக்காவிட்டால் மேலே படி.

கருட சேவைக்கு வந்த இடத்தில் நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? ஒன்றரை வயசுப் பிள்ளை துணியை நனைத்துவிட்டான். எடுத்துப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். குழந்தை டாக்டர் அதைத்தான் செய்வாள். சளி இருந்தது, நாற்றம் வழக்கமான நாற்றமில்லை. மன்னியின் பிறந்தகத்து மனுஷாள் கூடத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. "அசிங்கம் பிடிச்சவளே, இந்தக் கையோட தளிகை உள்ளுக்குள்ள போவியா, வெளியில போ" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினாய். போய்விட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே போனேன்.

எனக்கு அருவருப்பு கிடையாது என்று நினைக்காதே. இங்கே ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள், கட்டிலுக்கடியில் இரண்டு அம்மாக்கள். ரெக்ஸின் மெத்தை கிழிந்து உள்ளே பஞ்சு ஊறிக்கிடக்கிறது. ஈ ஒரு குழந்தையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்து, பக்கத்துக் குழந்தையின் உதட்டில் உட்காருகிறது. தினமும் குமட்டுகிறது. குமட்டிக்கொண்டே வேலை செய்கிறேன்.

இரண்டு மாசத்துக்குள் அவனுக்கு இது இரண்டாவது தடவை. ஒரே வீட்டில், ஒரே பிள்ளைக்கு. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஸிந்துஜா


சின்ன காஞ்சிபுரம்
18.6.2001

ஸிந்துஜாவுக்கு ஆசீர்வாதம். கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. படித்துவிட்டுக் கை அலம்பினேன். ஈயும் உதடும் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு எனக்கு ராத்திரி சாதம் இறங்கவில்லை. ஒரு பெண் இப்படியெல்லாம் எழுதலாமா?

நீ போனபிறகு வீடு முழுக்க அலம்பிவிட்டோம். உத்ஸவம் முடிந்து வீதியில் கால் வைக்க முடியவில்லை. வெளியூர்க் கூட்டம் சந்து சந்தாக உட்கார்ந்து போய்விட்டுப் போயிருக்கிறது. பெருமாள் எழுந்தருளின வீதி அது! அந்த நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறேன். குழந்தைக்கு நோய் வருவது வெளியிலிருந்து. உள்ளேயிருந்து அல்ல.

இந்த வீட்டில் அசுத்தம் என்று நீ அத்தனை பேர் முன்னால் சொன்னாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நம் ஆத்துத் தீர்த்தம் எப்படிச் சேகரிக்கிறோம் என்று உனக்கே தெரியும். விடியற்காலையில் ஸ்நானம் பண்ணி, ஈர வஸ்திரத்தோடு நானே கிணற்றில் இறைக்கிறேன். அப்பாவின் பட்டு வேஷ்டியில் கிழித்த துணியைக் குடத்து வாயில் கட்டி, வடித்துத்தான் பிடிக்கிறேன். உன் மன்னி ஹேமாம்புஜம்கூட அந்தத் துணியைத் தொடுவதில்லை. காஞ்சிபுரத்தில் எந்த வீட்டில் இத்தனை மடி, இத்தனை ஆசாரம் இருக்கிறது சொல்?

கொல்லை கூட்டும் அன்னம்மாள் அன்று அச்சுத்தைத் தூக்கிக் கொஞ்சினாள் என்று இப்போதுதான் தெரிந்தது. செவிலிமேட்டிலிருந்து எதையெதையோ மிதித்துக்கொண்டு வருகிறவள். தன் கடைக்குட்டியை வேறு இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள், சிம்ரன் என்று சினிமாக்காரி பேர் வைத்து. மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும் அதற்கு. இனிமேல் குழந்தையைத் தொடக்கூடாது, கொல்லைப்படியைத் தாண்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நீயும் பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தை உறிஞ்சிப் பட்டம் வாங்குவதை விட்டுவிட்டு வேறு பிரிவு எடுத்திருக்கலாம். கண், காது என்று எத்தனையோ இருக்கிறது.

ஸௌந்தரராஜன்


சென்னை
25.6.2001

அண்ணா,

உறிஞ்சுகிறேனாம். ஒரு சின்ன ஸ்பூன் ரத்தம். பேதியோடு வருகிற குழந்தைகளிடம் அதை எடுத்து, உப்பு எவ்வளவு, யூரியா எவ்வளவு, பைகார்பனேட் எவ்வளவு என்று பார்க்கிறேன். பைகார்பனேட் இறங்கினால் ரத்தம் அமிலமாகிக்கொண்டு வருகிறது என்று பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி நடத்துகிற உனக்கு நான் சொல்ல வேண்டாம். யூரியா ஏறினால் உடம்பு வற்றி, சிறுநீரகம் தவிக்கிறது. அப்புறம் சி.ஆர்.பி. என்று ஒரு புரதம். உடம்பில் எங்காவது புண்ணாகும்போது ஈரல் அதை விடும். சாதாரண வைரஸ் பேதியில் அது அவ்வளவாக ஏறாது. கிருமி குடல் சுவரையே அரிக்க ஆரம்பித்தால் ஏறும். வெளியே பார்த்தால் இரண்டு குழந்தைகளும் ஒரே மாதிரி வாடித்தான் கிடக்கும். எது கைமீறப் போகிறது என்று ரத்தம் முன்கூட்டியே சொல்லுமா என்பதுதான் என் ஆராய்ச்சி.

உன்னைப் போலவே எனக்கும் இதில் குமட்டுகிற இடம் உண்டு. மோசமான குழந்தை வந்தால் எங்கள் ப்ரொஃபசர் முகம் மலர்கிறது. "நல்ல கேஸ்மா, சேர்த்துக்கோ" என்கிறார். வரைபடத்தில் அவருக்கு ஒரு புள்ளி கூடுகிறது. அந்த 'நல்ல கேஸ்' என்ற வார்த்தையைக் கேட்டால் ரெக்ஸின் மெத்தையே தேவலை என்று இருக்கிறது.

அன்னம்மாள் விஷயம். அவள் தூக்கினதால்தான் என்று எதை வைத்துச் சொல்கிறாய்? நீ பார்த்தாயா, கேட்டாயா, சோதித்தாயா? பசங்களுக்குப் பாடம் நடத்தும்போது ஆதாரம் கேட்கிறாய், கொல்லைப்படிக்கு வந்தால் ஆதாரம் வேண்டாம். படிக்கும்போதே எரிச்சலாக இருந்தது.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. கொல்லையில் கக்கூசுக்குப் பக்கத்தில் சோப்பு வைத்திருக்கிறாயா இல்லையா? நான் வந்தபோது காணோம்.

ஸிந்துஜா


சின்ன காஞ்சிபுரம்
9.7.2001

ஸிந்துஜா,

என்ன காரியம் பண்ணியிருக்கிறீர்கள் இரண்டு பேரும்! ஸ்கூலிலிருந்து வருகிறேன், கதவு பூட்டியிருக்கிறது. பக்கத்தாத்தில் சாவியும் ஒரு துண்டுச் சீட்டும். ஹேமாம்புஜம் குழந்தையை மெட்ராஸுக்கு எடுத்துக்கொண்டு போகிறாளாம். பெற்றவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைத்தியர் கஷாயம் கொடுத்து ஒரு நாள் ஆகியிருந்தது, பொறுத்திருந்தால் நின்றிருக்கும். பஸ்ஸில் எத்தனை பேர் மேல் பட்டு, எதையெதைத் தொட்டு, அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனாளோ.

ரத்தமாகப் போனது என்று எனக்கும் தெரியும். என்னிடம் மறைத்ததாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். துணியை நான் கொல்லையில் பார்த்தேன்.

அன்னம்மாளை நிறுத்திவிட்டேன். வாசலிலேயே நிற்க வைத்து, இந்தப் பக்கம் தலை காட்டாதே என்று சொல்லிவிட்டேன். "நான் இன்னா சாமி பண்ணேன்" என்று கேட்டுக்கொண்டே நின்றாள். கதவைச் சாத்திவிட்டேன். அவளோடு எனக்கு என்ன பேச்சு?

நான் வரவில்லை என்று நினைக்க வேண்டாம். நேற்று வந்தேன். வார்டு வாசல் வரை வந்தேன். தாழ்வாரத்தில் ஒரு பெண்மணி குழந்தையைக் காலில் போட்டு அலம்பிக்கொண்டிருந்தாள், அந்தத் தண்ணீர் என் செருப்புக்குக் கீழே ஓடியது. அதற்கு மேல் என் கால் வரவில்லை. வெளியே மரத்தடியில் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து இரண்டு முறை ஸ்நானம் பண்ணியும் அந்த வாடை போகவில்லை.

சோப்பு கேட்டிருந்தாய். அதில் மாட்டுக் கொழுப்பு சேர்க்கிறார்கள். கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு அதுவும் தெரியும். நம் வீட்டில் மண்ணும் தண்ணீரும்தான், என்றைக்கும்.

அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுது. நீண்ட கடிதம் வேண்டாம். ஒரு வரி.

ஸௌந்தரராஜன்


சென்னை
12.7.2001

அண்ணா,

பிழைத்துவிட்டான். நீ கேட்ட ஒரு வரி அது.

மீதியையும் நீ படித்தே ஆகவேண்டும். வந்து இறங்கியபோது அவன் அழக்கூட இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அப்படியே நின்றது. நரம்பு கிடைக்காமல் மூன்று பேர் தேடினோம், கடைசியில் நான்தான் போட்டேன். சோடியம் விழுந்திருந்தது, பைகார்பனேட் பாதாளத்தில், யூரியா மேலே, சி.ஆர்.பி. எகிறிக் கிடந்தது. என் ஆராய்ச்சியில் இதுவரை வந்தவர்களில் அதுதான் உச்சம். ப்ரொஃபசர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி, "நல்ல கேஸ்மா" என்றார். என் மருமான் சார் இவன், என்றேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். மலத்தை வளர்த்துப் பார்த்ததில் சீதபேதிக் கிருமி. மருந்துக்கு இப்போது கேட்கிறது. இன்று காலை மன்னி மடியில் உட்கார்ந்து என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினான்.

நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று ரத்தம் சொல்லிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று அது சொல்லாது. அதற்கு ஆட்களைத்தான் கேட்கவேண்டும். மன்னியைக் கேட்டேன். என்ன சாப்பிடுகிறான், யார் ஊட்டுகிறார்கள், தண்ணீர் எது. பாலைக் காய்ச்சுகிறார்கள். தண்ணீரைக் காய்ச்சுவதில்லை, ஏனென்றால் அதுதான் வடிகட்டின தீர்த்தமாயிற்றே!

"அந்தத் துணியை எப்பத் துவைப்பேள் மன்னி?"

"துவைக்கறதா? அது பட்டுன்னா. பட்டுக்கு மடி கெடாது. நூல் துணின்னா தினம் நனைச்சு உலர்த்தணும், பட்டுக்கு வேண்டாம்னு உங்க அண்ணாதான் கட்டினார். காலம்பற பிழிஞ்சு திருப்பிக் கட்டுவார், அவ்வளவுதான்."

அண்ணா, இதைக் கேட்டுவிட்டு நான் வராந்தாவில் போய் நின்றேன். எத்தனையோ குழந்தைகளின் பேதியை மோந்து பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் வராத ஓங்கரிப்பு அப்போது வந்தது. அப்பா போய் எத்தனை வருஷம்? அன்றிலிருந்து இரவும் பகலும் ஈரமாக, ஒரு தடவைகூடக் கொதி தண்ணீர் படாத துணி. காலையில் கொல்லைக்குப் போய்விட்டு, சோப்பு மேலே பட்டால் தீட்டு என்று மண்ணும் தண்ணீருமாக அலம்பின கையால் தினமும் பிழிகிறாய். தொட்டுப் பார்த்தால் வழவழவென்று இருக்கும் என்று மன்னி சொன்னாள். தொடக்கூடாது என்றாய், ஒரு நாள் தெரியாமல் பட்டுவிட்டதாம். பாசி மாதிரி இருந்தது என்றாள். அந்தப் பாசி வழியாக இறங்கின தண்ணீரைத்தான் அவன் வாயில் ஊற்றியிருக்கிறோம்.

ஒரு காரியம் செய். வெள்ளைக் கிண்ணம் ஒன்றை எடு. அந்தத் துணியை அதில் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விடு. ஆறினதும் பிழி. அப்புறம் அந்தத் தண்ணீரைப் பார். பார்த்துவிட்டு மோந்து பார், நான் அன்று பார்த்த மாதிரி.

மன்னி சொல்லச் சொன்னது: அந்தத் துணி வீட்டை விட்டுப் போகிறவரை நானும் குழந்தையும் அங்கே வரமாட்டோம். இது நான் சொல்லிக் கொடுத்ததில்லை. என்னிடம் சொல்லும்போது அவள் உன்னை 'அவர்' என்றுகூடச் சொல்லவில்லை.

ஸிந்துஜா


சின்ன காஞ்சிபுரம்
17.7.2001

ஸிந்துஜா,

பிழைத்தான் என்ற வரியைப் படித்துவிட்டு உடனே சந்நிதிக்குப் போய்ச் சேவித்துவிட்டு வந்தேன். அதற்கு மேல் இருந்ததைத் திரும்பி வந்துதான் படித்தேன்.

பட்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? நம் அப்பா, அவருடைய அப்பா, அதற்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் பட்டு வழியாக வடித்த தீர்த்தம் குடித்தவர்கள்தான். ஒருவரும் சீதபேதியில் போகவில்லை. நானும் அதே குடத்தில் குடிக்கிறேன், ஹேமாம்புஜமும் குடிக்கிறாள். எங்களுக்கு வராதது அவனுக்கு மட்டும் எப்படி வரும்? இதற்கு உன் ரத்தப் பரிசோதனையில் பதில் உண்டா?

ஆதாரம் ஆதாரம் என்கிறாய். அன்னம்மாள் தொட்டாள், குழந்தை விழுந்தான். இது ஆதாரம் இல்லையா?

கிண்ணத்தில் போடுகிற கூத்தெல்லாம் நான் செய்யமாட்டேன். அப்பா உடுத்தின வஸ்திரம் அது. அதை வெந்நீரில் போட்டு மோந்து பார் என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? மோந்து மோந்து உனக்கு எல்லாமே அதுவாகத்தான் தெரிகிறது.

ஹேமாம்புஜத்தை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கிளம்பி வரச் சொல். வீடு வீடாக இல்லை.

ஸௌந்தரராஜன்


சென்னை
29.7.2001

அண்ணா,

வெள்ளிக்கிழமை போய்விட்டது, மன்னி வரவில்லை, பார்த்திருப்பாய்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. உன் கடிதம் வருவதற்குள் காஞ்சிபுரத்திலிருந்து இன்னொரு குழந்தையை இங்கே அனுப்பிவிட்டார்கள். ரத்த பேதி, வலிப்பு. அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார், தனசேகரன் என்று பேர். பின்னாலேயே அம்மா. என்னைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். "சாமி வூட்டுப் பொண்ணா நீ?" என்றாள். அன்னம்மாள்.

சிம்ரனுக்கு அச்சுத்தைவிட மோசம். யூரியாவும் கிரியாட்டினினும் ஏறிக்கொண்டே போயிற்று, சிறுநீர் நின்றுபோனது. சி.ஆர்.பி. பார்த்துவிட்டு நான் ப்ரொஃபசரிடம் போகவில்லை, அவர் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தையை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. இவளுக்கும் அதே கிருமி. அச்சுத்துக்கு எந்தெந்த மருந்து கேட்கவில்லையோ அதே மருந்துகள் இவளுக்கும் கேட்கவில்லை. எது கேட்டதோ அது கேட்டது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில். பெரியவர்கள் உடம்பு பழகிக்கொள்ளும், கிருமியை வயிற்றில் வைத்துக்கொண்டே நடமாடும். உனக்கு வாராவாரம் வயிறு சரியில்லை என்று ஓமத் தண்ணீர் போட்டுத் தருவதாக மன்னி சொல்கிறாள். அது என்ன என்று நினைத்தாய்? சின்னக் குழந்தைகளுக்கு அந்தச் சக்தி கிடையாது. அதனால் விழுந்தது இரண்டு சின்னதும்தான்.

சிம்ரன் எங்கே குடித்தாள் என்று கேட்பாய். நானும் கேட்டேன். "வேல முடிச்சிட்டு தாகமா இருக்குதுன்னா சாமியே வந்து ஊத்துவாரு. நான் கையேந்துவேன், மேலேந்து ஊத்துவாரு. நான் குடிச்சிட்டு பாப்பா வாயிலயும் கையால ஊத்துவேன்." சொம்பு கையில் படாமல், அத்தனை உயரத்திலிருந்து, அந்தக் குடத்துத் தண்ணீரை நீயே ஊற்றியிருக்கிறாய். நிறுத்துவதற்கு முந்தின நாளும் ஊற்றினாயாம். அவள் உன் வீட்டுக்கு நோயைக் கொண்டுவந்தாள் என்றாய். அச்சுத் மூன்று தடவை விழுந்தபிறகுதான் அந்தக் குழந்தை முதல் தடவை விழுந்திருக்கிறது. யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குப் போயிற்று என்று நீயே கணக்குப் போடு.

நேற்று சிம்ரனை வீட்டுக்கு அனுப்பினோம். உயிருக்குப் பயமில்லை. ஆனால் நடந்துகொண்டிருந்த குழந்தைக்கு நிற்கக் காலில் வலுவில்லை. தேறிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அச்சுத் என் குவார்ட்டர்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவனை அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் இனி நானும் விடமாட்டேன். என்னை அசிங்கம் பிடித்தவள் என்றாயே, உன்னை நினைத்தால் எனக்கு இப்போது அப்படித்தான் இருக்கிறது. எழுதக்கூடாது என்று பார்த்தேன், எழுதிவிட்டேன்.

ஸிந்துஜா


சின்ன காஞ்சிபுரம்
5.8.2001

ஸிந்துஜாவுக்கு ஆசீர்வாதம்.

கிண்ணத்தில் போட்டேன்.

உன் பேச்சு தப்பு என்று காட்டத்தான் போட்டேன். ஸ்கூல் லேபிலிருந்து பெரிய பீங்கான் கிண்ணமே எடுத்துவந்தேன். வெந்நீர் விட்டதும் ஒன்றும் ஆகவில்லை, எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. கொஞ்ச நேரத்தில் மடிப்புக்குள்ளிருந்து அது கிளம்பியது. சாம்பலும் பச்சையுமாக, கோழை கோழையாக, கிண்ணம் முழுக்க. பிழிந்தபோது விரல் இடுக்கில் வழிந்தது. மோந்து பார்த்தேன். உன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் செருப்புக்குக் கீழே ஓடியதே, அதே வாடை. அதை விட்டு ஓடிவந்து இரண்டு தடவை குளித்தவன், குளித்துவிட்டு இதைத்தான் குடித்திருக்கிறேன். பிள்ளைக்கு ஊற்றியிருக்கிறேன். கிணற்றங்கரையில் குனிந்து குடல் வெளியே வருகிற மாதிரி எடுத்தேன். இதை எழுதும்போதும் வருகிறது.

துணியைக் கொல்லையில் எரித்தேன். மயிர் கருகுகிற மாதிரி நாறியது. அப்பா வேஷ்டி என்று முதலில் ஒரு மூலையைத்தான் நெருப்பில் காட்டினேன், அப்புறம் முழுசாகப் போட்டுவிட்டேன். குடத்தை மாற்றிவிட்டேன். சோப்பு வாங்கி வைத்திருக்கிறேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நேற்று செவிலிமேடு போனேன். அன்னம்மாளை வேலைக்குத் திரும்பக் கூப்பிடலாம் என்று. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். சிம்ரன் பாயில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டுக் கையைக் கையை நீட்டினாள். மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு என்னவோ ஆயிற்று, குனிந்து தூக்கப் போனேன். நான் இதுவரை அந்தக் குழந்தையைத் தொட்டதில்லை.

அன்னம்மாள் ஒரே எட்டில் வந்து பிள்ளையை இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க சாமி. பாப்பா இப்பத்தான் எழுந்து உக்காந்துக்கினு இருக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. கத்தவும் இல்லை. முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான். நான் நீட்டின கையைப் பார்த்து அப்படிச் சுளித்தாள். அந்தச் சுளிப்பு எனக்குப் பழக்கமானது, ஸிந்துஜா. அத்தனை வருஷமும் கொல்லைப்படியில் நின்று நான் அவளுக்குக் காட்டினது அதுதான்.

பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். வாசலில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். வேலைக்கு வரமாட்டேன் என்றாள், உங்க வூட்டுத் தண்ணி எங்களுக்கு வேணாம் என்றாள். வெயிலில் நடந்தே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு வருகிறேன். துணி போய்விட்டது என்று ஹேமாம்புஜத்திடம் சொல். உன் வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வை. முழங்கை வரை அலம்பிவிட்டுத்தான் உள்ளே வருவேன், நீ நின்று பார்த்துக்கொள். அதற்கப்புறம் அச்சுத்தைத் தூக்க என்னை விடச் சொல்.

ஸௌந்தரராஜன்